ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

அண்ணனை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று மனைவி கேட்டபோது, லிப்ட்காரர் "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார். அதற்குமேல் ஒரு மனைவி என்ன பேச முடியும்? கடவுளைக் காரணம் காட்டிவிட்டால் வீட்டில் எவளும் வாயைத் திறக்க முடியாது. வெயில் காலம் போய் மழை வந்தது. அவர் இன்னும் சொல்லவில்லை.

வேலையில் மனிதர் கெட்டிக்காரர். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் மேலே ஏறிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் இறங்க மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். அண்ணன் பஸ் ஓட்டியவர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தபின் தம்பி வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பேச்சு குழறும், புத்தி தெளிவு. அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, குளிப்பாட்டி, மறுபடி படுக்க வைப்பதெல்லாம் இவர்கள் இரண்டு பேரும்தான். சீருடை தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் மனைவிக்கு ஒருநாள் அவரைத் தூக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் இப்போது ஒரு கட்டில் காலி. சனிக்கிழமை வரைக்கும்தான் வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

லிப்ட்காரர் ஆரம்பத்திலேயே பங்குச் சாமியாரிடம் போய், "எப்படிக் கேட்டா சாமி கடவுள் பதில் சொல்லுவாரு?" என்று கேட்டிருந்தார். எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாத அந்த நல்ல மனிதர், கோயிலில் நடக்கும் ஜெபப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். திருச்சபையில் எத்தனை மரபு உண்டோ அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது. வீட்டுக்கு அன்றைக்குப் பிடித்தது சனியன்.

முதலில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் முறை. நற்செய்தியில் ஒரு பகுதியை மெதுவாக, திரும்பத் திரும்ப வாசித்து, மனதைத் தொடும் ஒரு சொல்லை அசைபோட வேண்டும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவர் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தார். அவர் மனதைத் தொட்ட சொல் 'பிறகு'. வாரம் முழுக்க அதை அசைபோட்டார். ஒன்றும் ஊறவில்லை.

அடுத்தது கார்மேல் சபை முறை. எதையும் கேட்காமல், எதையும் நினைக்காமல், கடவுள் முன்னால் சும்மா இருப்பது. இதற்காக வீட்டில் டிவி நின்றது, குக்கர் விசில் நின்றது. மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தால்கூட "ஸ்ஸ்" என்றார். கடைசியில் அவர் விட்ட குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அதற்குப் பிறகு கீழைத் திருச்சபை முறை என்று இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்து இழுத்து இழுத்துச் சொன்னார். ஆஸ்துமாவோ என்று மனைவி பயந்துபோனாள்.

"என்னங்க, பதில் வந்துச்சா?"

"அவசரப்படாத. ஆழமாப் போகணும்."

"நீங்க ஆழமாப் போங்க. என் இடுப்பு போயிடுச்சு. நீங்க கேக்குற கேள்விக்குக் கடவுளே உங்க நம்பரைப் பிளாக் பண்ணியிருப்பாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி வகுப்பு, இஞ்ஞாசியார் முறை. கண்ணை மூடி நற்செய்திக் காட்சிக்குள்ளேயே நுழைந்துவிட வேண்டும். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், முகர வேண்டும். நடத்திய சிஸ்டர், நாலு பேர் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரனை இயேசு முன்னால் இறக்கும் பகுதியை வாசித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். திறந்தபோது ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முன்வரிசை அம்மா ஒருவர் இயேசு தன் தலையில் கை வைத்தார் என்று சொல்லி விம்மினார். அடுத்து நம் ஆள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் சிஸ்டர். அவனுங்க பண்ணது சுத்தத் தப்பு. கூரை ஓரத்துல கயிறு உரசுது, ஒரு துணிகூடக் குடுக்கல. நாலு பேரும் நாலு வேகத்துல விட்டா பாய் சாயாதா? நான் ஒருத்தனைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு நானே புடிச்சேன்."

சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இயேசு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அவரை எங்க பாத்தேன்? நான் கூரை மேலதானே இருந்தேன்."

"பாயில படுத்திருந்தவரு?"

"கனம் தெரிஞ்சுது சிஸ்டர். எங்க அண்ணன் கனம்தான்."

"அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

லிப்ட்காரர் யோசித்தார். காது சிவந்தது. "முகத்தைப் பாக்கல. முடிச்சைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

சிஸ்டர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, அறிவுரை இல்லை. லிப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வாரம், இத்தனை முறை, இத்தனை புனிதர்கள்! ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு என்ன கேடு? நனைந்த தெருவில் கடவுளை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

முன்னறையில் அண்ணனை நாற்காலிக்கு மாற்றும் நேரம். மனைவியால் குனிய முடியாது. தனியாகவே அண்ணன் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினார். இரண்டு முகமும் பக்கத்தில் வந்தன. அண்ணனின் வலது கன்னத்தில், தான் காலையில் சவரம் செய்யாமல் விட்ட முடியைப் பார்த்தார். அதற்கு மேலே கண் இருந்தது. அது இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்காம்."

"தெரி...யும். சுவத்துக்கு... அந்தப் பக்கம் நின்னு... பேசுறீங்க. எனக்கு... காதுக்கு ஒண்ணும்... ஆகலடா."

"நீ என்ன சொல்ற?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாப் புனிதரையும்... கேட்ட. என்னைக்... கேட்டியா?"

லிப்ட்காரர் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"நான் போறேன். அவ... இடுப்பைப் புடிச்சுட்டு உக்காந்த... அன்னிக்கே... முடிவு பண்ணிட்டேன்."

போக மாட்டேன் என்றுதான் அண்ணன் சொல்லுவார் என்று லிப்ட்காரர் உள்ளுக்குள் நம்பியிருந்தார். அந்தப் பதிலைத்தான் கடவுளிடமும் எதிர்பார்த்தார் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

"அப்பவே ஏன்ணே சொல்லல?"

"சொல்லலாம்னு... பாக்கும்போதெல்லாம்... நீ கண்ணை மூடிட்டு... இருந்தடா."

அவர் அண்ணனைப் பிடித்தபடியே நின்று, தேம்பித் தேம்பி அழுதார்.

"அப்புறம்... அழு," என்றார் அண்ணன். "மொதல்ல... என்னை உக்கார வை."