இரண்டு வெள்ளைத் தூண்கள்

"ஈட்டித் துப்பாக்கியைப் படகுல எப்படி வெச்சிருக்கணும்?" விதிப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார் அத்தான்.

"ரப்பரைக் கழட்டி, முனைக்கு உறை போட்டு, பைக்குள்ள."

"தப்பு."

"இதுல என்ன தப்பு?"

"பை மூடியிருக்கணும்னு போட்டிருக்கு. மூடறதை நீ சொல்லலை. ஒரு மார்க் போச்சு."

அடுப்படியில் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தாள். "கேள்வி கேக்கறவருக்கு மட்டும் எல்லாம் தெரியுமாக்கும். நேத்து பக்கெட் தண்ணில தலையை விட்டு மூச்சடக்கிப் பாத்தார்டி. இருபது எண்ணறதுக்குள்ள முகம் தக்காளி மாதிரி ஆயிடுச்சு. இவரை நம்பி நீ கடல்ல இறங்கப் போறியா?"

"நான் குழாய் ரிப்பேர்காரன். எனக்குத் தண்ணி வெளிய வந்தாத்தான் வேலை. உள்ள போறது புதுசு" என்றார் அத்தான், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மேஜையில் கிடந்த மீன்பிடி லைசென்ஸ் விண்ணப்பப் படிவத்தில் 'ஜோடியின் பெயர்' என்ற கட்டத்தில் பென்சிலால் அத்தான் பெயர் எழுதியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அந்தக் கட்டத்தில் வேறு பெயர் இருந்தது.

பாதுகாக்கப்பட்ட கடலின் ஓரத்தில் ஈட்டியால் மீன் பிடிப்பவர்கள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஒருவர் மூச்சடக்கிக் கீழே போனால் மற்றவர் மேலே மிதந்தபடி காவல் இருக்க வேண்டும். அவளும் அவள் கணவனும் ஏழு வருஷம் அப்படித்தான் பிழைத்தார்கள். நூற்று இருபது எண்ணும் வரை அவன் கீழே இருப்பான். துறைமுகத்தில் எல்லாருக்கும் அவன் முக்குளி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல பேருக்குத் தெரியாது.

பிறகு அந்த ஒரு நாள் வந்தது. முக்குளி பெரிய மீன் ஒன்றைச் சுட்டுக்கொண்டு மேலே வந்தான். அவன் வந்த இடம், எல்லையைக் காட்டும் மஞ்சள் மிதவைக்கு எட்டு மீட்டர் உள்ளே. அந்த நேரம் பார்த்து ரோந்துப் படகு வந்து நின்றது.

"நான் வெளியிலதான் சுட்டேன்" என்றான் முக்குளி. "கரைத் தூண் ரெண்டையும் பாத்துட்டுத்தான் இறங்கினேன். மேட்டுத் தூண் துறைமுகப் பக்கம் விலகி இருந்துச்சு."

காவலர் அவளைப் பார்த்துக் கேட்டார். "நீங்கதானே மேல இருந்தீங்க? நீங்க சொல்லுங்க."

"உள்ளதான் சுட்டார்" என்றாள் அவள். அத்தோடு விட்டிருக்கலாம். "மிதவை கண்ணு முன்னால நிக்குது, தூணாம் தூணு! பொய் சொல்ற ஆளோட எனக்குத் தண்ணில இறங்கற வேலை இல்லை" என்றும் சொன்னாள்.

மூன்று வருஷத் தடை. முக்குளி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கப்பல் அடிப்பாகம் சுரண்டும் வேலைக்கு வேறு துறைமுகம் போனான். "வர்றியா?" என்று கேட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. அவன் போன பிறகு பார்த்தால், மடித்திருந்தது முழுக்க அவன் சட்டைகள்.

அதற்குப் பிறகு அக்கா வீடு. பகலில் ஐஸ் கம்பெனியில் டோக்கன் கிழிக்கும் வேலை. அவள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதில் கடல் தெரியும். நாற்காலியை எப்படித் திருப்பிப் போட்டாலும் சாயங்காலத்துக்குள் அது ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

"அடுத்தது, விதி பதினாலு" என்றார் அத்தான். "எல்லைக்கோடு எது?"

"மஞ்சள் மிதவை. இது ஒரு கேள்வியா?"

"தப்பு."

"சும்மா விளையாடாதீங்க அத்தான்."

"விளையாடலைம்மா. இந்தா, நீயே படி. கடைசிப் பக்கம், எறும்பு சைஸ் எழுத்து."

அவள் வாங்கிப் படித்தாள். 'மிதவைகள் அடையாளத்துக்கு மட்டுமே. நீரோட்டத்துக்கு ஏற்ப அவை சங்கிலி இடம் கொடுக்கும் அளவுக்கு, இருபது மீட்டர் வரை விலகக்கூடும். கடற்கரைத் தூண், மேட்டுத் தூண் ஆகிய இரண்டையும் இணைத்துக் கடலுக்குள் நீட்டிய கோடே எல்லை. கடலிலிருந்து பார்க்கும்போது மேட்டுத் தூண் துறைமுகப் பக்கம் விலகித் தெரிந்தால், பார்ப்பவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார்.'

இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது எழுத்துகள் கலங்கின.

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு?" அக்கா கரண்டியோடு வந்தாள்.

"அவர் பொய் சொல்லலைக்கா" என்றாள் அவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் படகுத்துறைக்குப் போனாள். நீரோட்டம் துறைமுகப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மாட்டிய அன்றைக்கு ஓடியதும் இப்படித்தான். மீன் கோத்த கயிறு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது அவள் கைக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. மிதவைகள் வரிசையாகத் துறைமுகப் பக்கம் சாய்ந்து, சங்கிலி விட்ட தூரம் வரை வந்து நின்றன. பதினொரு மணிக்கு நீரோட்டம் அடங்கியது. மிதவைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கரையில் வெள்ளைத் தூண்கள் இரண்டும் நின்ற இடத்தில் நின்றன. பத்து வருஷமாகத் தினமும் பார்த்த மிதவைகள். நகரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு மட்டுமா? காவலருக்கும் தோன்றவில்லை. துறையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் மிதவைதான் எல்லை.

முக்குளி ஒருவன்தான் தூணைப் பார்த்தவன். அவனைத்தான் அவள் பொய்யன் என்றாள்.

திங்கட்கிழமை காலை, கடல் காவல் அலுவலகம். ஒரே அறை, இரண்டு மேஜை, சுவரில் மீன்களின் குறைந்தபட்ச நீளத்தைக் காட்டும் படம். அதிகாரி கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான அம்மாள். அவர் கேட்ட பதிமூன்று கேள்விக்கும் அவள் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். அத்தான் மூன்றுக்குச் சொன்னார். அதில் இரண்டு தப்பு.

"எல்லைக்கோடு எது?"

"ரெண்டு தூணையும் சேர்க்கற கோடு மேடம்" என்றாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள்: "மூணு வருஷம் முன்னாடி இதே கேள்விக்கு நான் தப்பா பதில் சொன்னேன். அதனால ஒருத்தருக்குத் தடை விழுந்துச்சு. அந்தச் சாட்சியை நான் திருத்தணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். "மிதவைக்கு எட்டு மீட்டர் உள்ளே. நீரோட்டம் பலம், துறைமுகப் பக்கம்..." என்று வாய்க்குள் படித்தவர், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "தூணை வெச்சு யாருமே பாக்கலை. உங்க ஒரு வார்த்தையிலதான் கேஸே நிக்குது. ஆனா தடை போன மாசமே முடிஞ்சு போச்சேம்மா. இப்ப திருத்தி என்ன ஆகப் போகுது?"

"பேர் மேடம். அந்தக் கறை அவர் பேர்ல இருக்கு."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் குடுங்க." அவள் எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அவரும் லைசென்ஸுக்கு எழுதியிருக்கார். இன்னிக்கு மூணு மணிக்கு அவருக்கு டெஸ்ட். ஜோடி பேரு எழுதற கட்டத்தைக் காலியா விட்டிருக்கார். காலியா இருந்தா நான் தள்ளுபடிதான் பண்ணணும்."

பேனா அவள் கையிலிருந்து உருண்டது.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "மேடம், அந்த அழிரப்பரைக் கொஞ்சம் குடுங்க. நம்ம படிவத்துல ஒரு பேரு பென்சில்ல இருக்கு. என்னோடதுதான். அது பக்கெட் தாண்டிப் போகாத பேரு."

வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி. இரண்டு மணி. என்ன சொல்வது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள்; ஒன்றும் சரிப்படவில்லை. வருகிறவனோடு வேறு யாராவது வந்தால்? காலிக் கட்டத்துக்கு அவன் புது ஆளைக் கூட்டி வந்தால்? அந்த நினைப்பில் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது முக்குளி வந்தான். தனியாகத்தான் வந்தான். மெலிந்திருந்தான். கப்பல் சுரண்டிய கைகளில் வெட்டுத் தழும்புகள். அவளைக் கண்டதும் படியிலேயே நின்றான்.

"நீங்க வெளியிலதான் சுட்டீங்க" என்றாள் அவள். ஒத்திகை பார்த்த பத்தில் இது இல்லை.

"எனக்குத் தெரியுமே."

"எனக்கு முந்தாநேத்துதான் தெரிஞ்சுது."

அவன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"அப்பவே புத்தகத்தைக் காட்டியிருக்கலாமே! கடைசிப் பக்கத்துலயே இருக்கு. எனக்கு உறைக்கற மாதிரி சண்டை போட்டிருக்கலாமே!"

"எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்கெங்க தெரியும்? என் அண்ணன் தூணைப் பாக்கச் சொல்லிக் குடுத்தான், நான் பாத்தேன்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "அதுவும் இல்லாம, எல்லைக்கோடு எனக்குப் பெரிசா படலை. மேல வந்ததும் நீ என்னைப் பாப்பேன்னு நினைச்சேன். நீ மிதவையைப் பாத்துட்டு இருந்தே."

விதி மூன்று: மேலே இருப்பவர் கீழே போனவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இன்று காலையில்தான் அதற்கு முழு மார்க் வாங்கியிருந்தாள்.

"மூணு வருஷத்துல ஒரு போன் பண்ணலையே நீ" என்றான்.

"நம்பரை அழுத்துவேன். கடைசி நம்பர்ல நின்னுடுவேன். நீங்க மட்டும்?"

"நான் கடைசி நம்பரையும் அழுத்துவேன். மணி அடிக்கறதுக்குள்ள வெச்சிடுவேன்."

"பெரிய வீரம்தான்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது; வரவில்லை.

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர். அவன் எழுந்து சட்டைப் பையைத் தடவினான். "பேனா இருக்கா?"

கொடுத்தாள். அவன் கதவருகில் நின்று, படிவத்தைச் சுவரில் வைத்து ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. பேனாவைத் திருப்பித் தராமலே உள்ளே போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலை வெயிலில், படகு எல்லைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. நீச்சல் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள், "யார் முதல்ல இறங்கறது?"

"நான்தான். நீ மேல இரு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எதைப் பாத்துக்கட்டும்? மிதவையையா, தூணையா?"

"அதை நான் பாத்துட்டேன். நீ என்னைப் பாரு."

அவன் தலைகீழாகப் புரண்டு மூழ்கினான். அவள் முகத்தைத் தண்ணீரில் புதைத்து மிதந்தாள். கீழே நீலத்துக்குள் அவன் சின்னதாகிக்கொண்டே போனான். எண்ண ஆரம்பித்தாள். அறுபது. எண்பது. நூறு. முன்பெல்லாம் நூறில் அவளுக்குப் பயம் பிடிக்கும். இன்று, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. நூற்றுப் பத்தில் அவன் மேலே திரும்பினான்.

கையில் மீன் இல்லை. ஈட்டி சுடாமல் அப்படியே இருந்தது.

"ஒண்ணும் தட்டுப்படலையா?"

அவன் மூச்சு வாங்கி முடித்தான். "ஒண்ணு வந்துச்சு. நல்ல சைஸ்."

"அப்புறம் ஏன் சுடலை?"

"திரும்பித் திரும்பி மேலயே பாத்துட்டு இருந்தேன், நீ பாக்கறியான்னு. அது போயிடுச்சு."

அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டியது. கழற்றித் துடைக்கவில்லை. அவனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது அல்லவா?