திருத்தச் செலவு

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் கஸ்பர் டீமேக்கராகி இருபத்தாறு வருஷம். கொழுந்தை முகர்ந்தே வாட்டம் போதுமா என்று சொல்லிவிடுவார். கணக்குப் புத்தகம் என்றால் மட்டும் ஒதுங்கிப் போவார். கம்பெனி தன் உத்தியோகத்தர்கள் எட்டுப் பேரை நிதிக்கூற்று வாசிக்கப் பழகுங்கள் என்று ஹட்டனுக்கு அனுப்பியபோது, ஆறு சனிக்கிழமை வீணாகிறதே என்று அலுத்துக்கொண்டார்.

படிப்பித்தவர் றொசானா. ஹட்டனில் பிறந்து கொழும்பில் கணக்காய்வு பார்க்கிற பெண். மூன்றாம் சனிக்கிழமை, கம்பெனியின் ஆண்டறிக்கையையே ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இயந்திரத் திருத்தச் செலவைத் தேடச் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன்பு நாலு கோடி இருபது லட்சம். போன வருஷம் தொண்ணூறு லட்சம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். பெரிய கிளாக்கர் சுதாகரன், செலவை நன்றாகக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். றொசானா அவர்களை இயந்திரங்களின் பெறுமானத் தேய்வுக் குறிப்புக்குக் கூட்டிப்போனார். வாங்கிய விலையில் முக்கால்வாசிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது.

"மெஷினெல்லாம் கெழடாயிருச்சு. கெழடான பிறகு மருந்துச் செலவு குறையுமாங்க?"

றொசானா பக்கத்தைத் திருப்பினார். இலாபத்தைப் பார்க்கச் சொன்னார். மூன்று கோடி பத்து லட்சம். திருத்த வேலையை முன்போலச் செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கழித்துப் பார்க்கச் சொன்னார். கஸ்பர் பென்சிலால் இரண்டு தரம் கழித்தார். இரண்டு தரமும் நட்டம்தான் வந்தது.

தேயிலை காயவைக்க ஆவி தரும் பழைய பொய்லரைப் பற்றி அவர் மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றுக்கும் அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்றே பதில் வந்தது. தன் இங்கிலீசு சரியில்லையோ என்றுகூட நினைத்திருந்தார். இப்போது இலாபத் தொகையின் கீழே கோடு போட்டார். அந்த மூன்று கோடிக்குள்தான் அவருடைய பொய்லர் இருந்தது.

வகுப்பு கலைந்த பிறகு றொசானாவிடம் போனார். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு எட்டு மாதமாக ஆவி கசிந்து சீறுவதையும், பரிசோதனைச் சான்றிதழ் முடிந்து ஒரு வருஷம் தாண்டியதையும் சொன்னார். கொழுந்து உருட்டும் ரோலிங் சாலை, சலிப்பறை எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு பேர் அதன் பக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள்.

"அந்த ஆளுங்க இந்தப் புத்தகத்துல எங்க இருக்காங்க மிஸ்?"

"இதுல மெஷின்தாங்க இருக்கு. பக்கத்துல நிக்கிறவங்க இல்ல." புத்தகத்தை மூடிவிட்டு மெல்லச் சொன்னார்: "இனி அத பத்த வைக்காதீங்க ஐயா."

திங்கட்கிழமை கஸ்பர் பொய்லரை நிறுத்தினார். நாலாயிரம் கிலோ கொழுந்து வாட்டுத் தட்டில் கிடந்து சிவந்து பாழானது. தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். சத்தம் போடவில்லை. யார் உத்தரவில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். கஸ்பர் தன் பொறுப்பில் என்றார். தொழிற்சாலைப் பரிசோதகர் அலுவலகத்துக்கும் எழுதிவிட்டதாகச் சொன்னார். துரை சிரித்தார். அன்று மாலையே கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு மாற்றல் கடிதம் வந்தது. பொறுப்பு, உதவி டீமேக்கர் தனுஷனிடம் போனது. பரிசோதகர் அடுத்த வாரம் வருவதாகப் பதில்.

புதன்கிழமை காலை பையோடு பஸ்ஸுக்கு நின்றார். மேலே தொழிற்சாலைப் புகைபோக்கி புகைந்தது. பழையபடி ஓட்டுகிறார்கள் என்று கசப்பாக நினைத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. வால்வின் சீறல் ரோட்டு வரைக்கும் கேட்கும். இன்று கேட்கவில்லை.

பையைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். பொய்லர் அறையில் இராமையா விறகு தள்ளிக்கொண்டிருந்தார். வால்வின் கைப்பிடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நடுங்கியது.

"யார் கட்டினது?"

"ஆவி வீணாப் போகுதுன்னு தொரை சொன்னாருங்க," என்றான் கதவருகே நின்ற தனுஷன்.

கம்பியை அவிழ்க்கக் கை போனது. இப்போது தொட்டால் என்ன ஆகுமென்று அவருக்கே தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டார்.

"வெறக போடாத இராமையா. வெளிய நட."

"நான் போடாட்டி வேற ஆள் போடுவான்யா."

"யாரும் போட மாட்டாங்க. நட."

மின்சாரத்தை நிறுத்தி, ரோலிங் சாலைக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சலிப்பறைக்குள் போனார். பெண்கள் சாக்குத் துண்டை இடுப்பில் கட்டியபடியே அவரைப் பார்த்தார்கள். தேநீர் நேரம் ஆகவில்லையே என்றாள் ஒருத்தி. எல்லாரும் வெளியே வாங்க, செருப்பைத் தேடாதீங்க என்றார். தூறலில் வரிசையாக வந்தார்கள். அவர் எண்ணினார். இருபத்தொன்று. ஓர் ஆள் குறைந்தது. தனுஷன் இன்னும் வாசலில் தயங்கி நின்றான். துரையிடம் என்ன சொல்வது என்றான். கஸ்பர் போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

கீழே வளைவில் துரையின் வண்டி ஏறும் சத்தம் கேட்டது. உள்ளே இரும்பு ஒருமுறை முனகியது. எல்லாரையும் தேயிலை மலைக்குள் இன்னும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, வண்டியை மறிக்க அவர் பாதைக்கு இறங்கினார்.