தலைக்கு மேலே போன தட்டு

மாதத்தின் முதல் ஞாயிறு. டத்தோ கிராமட் சாலையில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சபை. பதினொன்றரை மணிக்குத் திருவிருந்துத் தட்டு, ரொட்டித் துண்டுகளும் சின்னச் சாற்றுக் கோப்பைகளுமாக, வரிசை வரிசையாக வந்தது. அதைச் சுமந்து வந்தவர் சபை மூப்பரான எல்டர் பால் பக்கிரிசாமி. நாலாவது வரிசையில் அனுஜாவுக்கு நேரே வந்ததும் அவர் கை ஓர் அடி உயர்ந்தது. தட்டு அவள் தலைக்கு மேலே போய், பக்கத்தில் இருந்த சின்னம்மா என்ற பெண்மணியிடம் இறங்கியது.

நாலு மாதமாக இப்படித்தான். ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் காலி நாற்காலி போலத் தாண்டிப் போவதற்கும் ஒரு திறமை வேண்டும். பக்கிரிசாமிக்கு அது இருந்தது.

அனுஜா செய்த குற்றம் இதுதான். ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் அவள் அம்மா நல்லம்மா இறந்தபோது, உறவினர்களோடு சேர்ந்து வாய்க்கரிசி போட்டாள். அம்மா கடைசிவரை இந்து. அனுஜா எட்டு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவள். துக்கம் கேட்க வந்த பக்கிரிசாமி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார். ஆறுதல் சொல்ல வந்தவர் சாட்சி சொல்லும் ஆளாகத் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறே தீர்ப்பு வந்துவிட்டது.

"சபைக்கு முன்னால எழும்பி, நான் செஞ்சது பாவம்னு சொல்லணும் சிஸ்டர். அதுவரைக்கும் அபாத்திரமா, தகுதியில்லாம, யாரும் பந்தியில கை வைக்கக்கூடாது" என்றார் பக்கிரிசாமி.

"எல்டர் சொல்றதிலயும் ஒரு பாயிண்ட் இருக்கு" என்றார் பாஸ்டர் கிஷன். அவர் எல்லாருடைய பேச்சிலும் ஒரு பாயிண்டைக் கண்டுபிடித்துவிடுவார். தன் முதுகெலும்பை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பெற்றவளுக்குக் கடைசியாகக் கொடுத்த ஒரு பிடி அரிசியைப் பாவம் என்று சொல்ல அனுஜாவுக்கு நா எழவில்லை. ஆனால் பயம் இருந்தது. அம்மா போனதிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் வெறும் இருட்டு. அந்த ரொட்டித் துண்டு ஒன்றுதான் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்தது. கணவன் விட்டுப்போனவள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், 'உனக்காக' என்று சொல்லி அவள் கையில் வைக்கப்பட்டது அது. இப்போதும் எட்டி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒருவேளை எல்டர் சொல்வதுதான் சரியோ, தான் அபாத்திரமானவள்தானோ என்ற எண்ணம் கையைப் பிடித்து இழுத்தது.

வேடிக்கை என்னவென்றால், சாப்பிடத் தகுதியில்லாதவள் பாத்திரம் கழுவத் தகுதியானவளாகவே இருந்தாள். டியூட்டி அட்டவணையில் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அவளும் சின்னம்மாவும் பின்னாலுள்ள சமையலறையில் அந்தச் சின்னக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். மீந்த ரொட்டியைக் கீழே கொண்டுபோய்ப் புறாக்களுக்குப் போட வேண்டும். புறாவுக்குப் போடலாம், அனுஜாவுக்குப் போடக்கூடாது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அனுஜா தரப் பரிசோதனை செய்பவள். ஆயிரத்தில் ஒன்று மாறியிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். மூப்பர்களுக்கென்று இருந்த தனித் தட்டில் மூன்று கோப்பைகள். அதில் ஒன்று போன மாதமும் நிரம்பியபடியே திரும்பி வந்திருந்தது. இந்த மாதமும் அப்படித்தான்.

"இது யாரோடதுக்கா?"

சின்னம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமி அண்ணனோடது, நம்ம எல்டர்தான். எப்பவும் அப்படித்தான் வரும். வாய்கிட்ட கொண்டுபோவாரு, வச்சிருவாரு. நீ பாத்ததில்லையா?"

"ஏன் குடிக்கிறதில்ல?"

"என்கிட்ட கேட்டா? அவருகிட்ட போய்க் கேளுலா."

அனுஜாவுக்கு ஒரு கணம் மனம் இளகியது. அந்த மனிதருக்கும் உள்ளுக்குள் ஏதாவது உறுத்துகிறதோ? தன்னைப்போலவே பயந்துதான் அவரும் தொடாமல் வைக்கிறாரோ? அப்படியென்றால் நாலு மாதமும் ஒரே பசியில் இருந்த இரண்டு பேர்தானே அவர்கள். அவரை மன்னிக்கக்கூட அவள் தயாராகிவிட்டாள்.

கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பக்கிரிசாமி பாஸ்டரோடு உட்கார்ந்து மீஹூன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எல்டர், உங்க கப்பு. குடிக்கலையே. மனசுல ஏதாச்சும் கஷ்டமா?" தணிந்த குரலில்தான் கேட்டாள்.

பக்கிரிசாமி நிமிர்ந்து பார்த்தார். "கஷ்டம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். வெறும் ரிபேனா ஜூஸ்தானே இது. எனக்கு சுகர் பதினாலுக்கு ஏறிக் கிடக்கு. டாக்டர் தொடாதேன்னுட்டாரு."

"போன வாரம் பாஸ்டர் பர்த்டேக்கு ரெண்டு துண்டு கேக்கு உள்ள போச்சே சாமி அண்ணே" என்றாள் பின்னாலேயே வந்த சின்னம்மா.

"பிரதர் பால்னு கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி, பால் அண்ணே. கேக்குக்கு சுகர் ஏறாதா?"

"அது ஃபெல்லோஷிப். பாஸ்டர் மனசு நோகக்கூடாதுன்னு சாப்பிட்டது."

அனுஜாவின் இளகிய மனம் அப்படியே இறுகியது. தொட்டால் தீர்ப்பு வந்துவிடும் என்று நாலு மாதம் அவள் தூங்காமல் கிடந்தாள். அதற்குக் காவல் நின்றவருக்கோ அது சர்க்கரைத் தண்ணீர். கேக்குக்குக் கிடைத்த மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை. இத்தனை நாள் அவள் பயந்த எல்டரை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். மோவாயில் மீஹூன் ஒட்டியிருந்த ஓர் ஆள்.

"பாஸ்டர், ரொட்டி மீந்திருக்கு. எனக்கு இப்பவே குடுங்க."

பாஸ்டர் எல்டரைப் பார்த்தார். எல்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "அறிக்கை பண்ணாம முடியாது. கமிட்டியில பேசுவோம்."

"ஆமா சிஸ்டர், கமிட்டியில..." என்று இழுத்தார் பாஸ்டர்.

"நான் நல்லவள்னு சொல்லிக்கிட்டு வரல பாஸ்டர். எனக்கு ஜெபமே வரல. பசிக்குது, அதான் கேக்குறேன்."

பாஸ்டர் தட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், பதில் மீஹூனுக்கு அடியில் கிடப்பதுபோல.

சின்னம்மா உள்ளே போய் ரொட்டித் தட்டோடு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தாம்மா. உனக்காகத்தான். சாப்பிடு."

"இது செல்லாது" என்றார் பக்கிரிசாமி. "யார் கையில யார் வாங்குறது? முறைன்னு ஒண்ணு இல்ல?"

"செல்லாதுன்னா விடுங்கண்ணே. ரொட்டிதானே, ரிபேனாதானே."

அனுஜா நின்றபடியே வாயில் போட்டாள். ரொட்டி ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. மென்று முடிக்க நேரமாயிற்று. எல்டர் தொடாத கோப்பையை வாயில் சாய்க்கையில் ஒரு சொட்டு விரலில் வழிந்தது. மீதியை ஒரே மடக்கில் குடித்தாள். அளவுக்கு மீறித் தித்தித்தது.

பின்வரிசையில் ஷர்மினி எழுந்தாள். ஒரு வருஷமாகத் தட்டு வரும்போதெல்லாம் யாரும் தடுக்காமலேயே வேண்டாமென்று தலையாட்டி அனுப்பிவிடும் பெண். மெதுவாக வந்து சின்னம்மாவின் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

பக்கிரிசாமி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கமிட்டிக் கூட்டத்துக்கு எந்த வெள்ளிக்கிழமை தோது என்று பார்க்க ஆரம்பித்தார்.