கேள்வி மட்டை

"நாடியை நல்லாத் தூக்கிப் பிடி பிள்ளை. பிடிச்சாத்தானே கட்டலாம்," என்றாள் வீரம்மா.

டக்சாயினி தகப்பனின் நாடியைத் தூக்கிப் பிடித்தாள். மழிக்காத தாடி உள்ளங்கையில் குத்தியது. பக்கத்துக் கொட்டில் வீரம்மா வெள்ளைத் துணியொன்றைக் கிழித்து, நாடிக்குக் கீழாகக் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். துணி இறுக, வாய் மூடியது. மூடிய வாயின் இடது கடையிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடொன்று கழுத்தை நோக்கி இறங்கியது.

வீரம்மா சட்டென்று கையை எடுத்தாள்.

"இன்னும் வருகுதடி!"

"உள்ளுக்கை தேங்கினது வடியுது. புதுசா வராது," என்றாள் டக்சாயினி. வகுப்பில் பாடம் சொல்லும்போது வரும் அதே குரல். அந்தக் குரலை நினைக்க அவளுக்கே அருவருத்தது. நாடிக்கட்டைச் சற்றுத் தளர்த்தி, சுத்தமான பஞ்சை விரலால் உருட்டி, கீழ்த் தாடையின் இடப்பக்கக் குழியில் வைத்து அழுத்தினாள். அந்தக் குழியின் ஆழம் அவளுடைய விரலுக்குத் தெரியும். நேற்றுக் காலை பத்து மணிக்கு, கோயில் வளவில், அறுபது பேர் பார்த்திருக்க, அந்தப் பல்லைப் பிடுங்கியது அவள்தான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு, உடையார்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஞானப்பிரகாசம் செத்துப்போனார். வயது ஐம்பத்தி நாலு. இரவு முழுக்க இரத்தம் போயிருந்தது.

வெக்கைக்குப் பிணம் தாங்காது. நாலு மணிக்குப் பங்குச் சுவாமி வந்து செபம் சொன்னவுடன் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வதென்று முடிவாகியிருந்தது. வேலிக்கு அப்பால் இரண்டு பேர் பழைய மீன்பெட்டிப் பலகைகளை இழைத்துச் சவப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி அறையும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

ஒன்றரை மணிக்கு அவளோடு படிக்கும் நிருஷன் சைக்கிளில் வந்தான். பிரேதத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு, டக்சாயினியைப் பார்த்துக் குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

குசினிக்குப் பின்னால் போனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து நீட்டினான்.

"இதை எங்கையடா எடுத்தனி?"

"ஆயுதத் தட்டுக்குக் கீழை. நீ வைச்ச இடத்திலை."

மட்டையின் தலைப்பில் அவளுடைய கையெழுத்தில் 'ஞானப்பிரகாசம், 54' என்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்பது கேள்விகள். ஒன்பதுக்கும் எதிரே வெறுமை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தும், யுத்தத்தால் வவுனியாவைத் தாண்டப் பயணப் பாஸ் கிடைக்காமல் நின்ற ஐந்து மாணவர் தாங்களாகவே தொடங்கிய வகுப்பு அது. சனம் அதைப் 'பல்லுக் கிளாஸ்' என்றது. வாத்தியார் கிடையாது. ஐந்து பேருக்கும் ஒரே புத்தகம். கிழமைக்கு ஒருவர் ஒரு பாடத்தைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமையில் ஒரு குடியேற்றத்துக்குப் போய்ப் படித்ததைச் சனத்துக்குச் செய்ய வேண்டும். பல் பிடுங்கும் ஆயுதங்களைப் பிரஷர் குக்கரில் அவித்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பல் டொக்டர், ஆடுகிற பல்லை மட்டும் பிடுங்க விட்டிருந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். ஒன்பது கேள்வியையும் கேட்டு மட்டையில் எழுதாமல் எவருடைய வாயிலும் கை வைக்கக்கூடாது.

கடதாசி கிடைக்காத காலம். பால்மாப் பெட்டிகளை வெட்டி, உட்பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்திருந்தார்கள்.

"யோகலிங்கம் அண்ணை சுவாமி வர முன்னம் வாறாராம்," என்றான் நிருஷன். யோகலிங்கம் குடியேற்றச் சபைத் தலைவர். "மட்டையைப் பாக்க வேணுமாம். கேளாமல் பிடுங்கியிருந்தா இனி ஒரு இடத்துக்கும் எங்களை விடமாட்டினமாம்."

நிருஷன் பேனையைத் திறந்தான்.

"இல்லை எண்டு ஒன்பது தரம் எழுது. ஒரு நிமிச வேலை."

"நான் கேக்கேல்லையே."

"கேட்டிருந்தாலும் உன்ரை அப்பா இல்லையெண்டுதான் சொல்லியிருப்பார். அவரைத் தெரியாதே?"

அது உண்மைதான் என்பதால் அவளுக்குச் சுட்டது.

"அப்ப நீயே எழுதன்."

"உன்ரை கையெழுத்தெல்லோ மேலை கிடக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "டக்சா, வாற சனி வற்றாப்பளையிலை நாப்பத்தி மூண்டு பேர் பதிஞ்சிருக்கினம். அந்தக் கன்னம் வீங்கின சின்னப்பிள்ளையை நீதானே பாத்தனி. டொக்டர் வர இன்னும் ஒரு மாசம் கிடக்கு. நாங்கள் போகாட்டி அதுக்கு ஆர் மருந்து குடுக்கிறது? செத்தவர் திரும்பி வரப்போறேல்லை."

வேலிக்கு அப்பால் ஆணி அறைந்தது. அவள் மட்டையையும் பேனையையும் வாங்கிக்கொண்டாள்.

நேற்றுக் கோயில் வளவில் கதிரை போட்டு, அதன் முதுகில் தலை சாய்க்கப் பலகை கட்டி, ஒரு மணித்தியாலம் காத்திருந்தார்கள். சனம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததே தவிர ஒருவரும் வந்து இருக்கவில்லை. பல் பிடுங்கும் குறட்டைக் கண்டு இரண்டு பெண்கள் வீட்டுக்கே போய்விட்டார்கள். "உங்கடை அப்பா ஒருக்கா இருந்தா மற்றச் சனம் வரும்," என்று நிருஷன்தான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் ஞானப்பிரகாசம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"சுறாவின்ரை வாய்க்குள்ளையே கை விட்டு எடுத்தவன் நான். என்ரை மோள் என்ரை வாய்க்குள்ளை விடட்டுமன்!"

வளவே சிரித்தது.

அவள் மட்டையை எடுத்துப் பெயரை எழுதினாள். அப்போது ஆறாவது கேள்வி கண்ணில் பட்டது. மது அருந்துவீர்களா? அவளுக்குப் பல்கலைக்கழகச் சோதனை மறுமொழி வந்த கிழமை, ஞானப்பிரகாசம் சுவாமிக்கு முன்னால் அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டு, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். அதே சனம்தான் இப்போதும் சுற்றி நின்றது. பெற்ற தகப்பனிடம், இத்தனை பேருக்கு முன்னால், அதைக் கேட்பதா? சில நாட்களில் அவருடைய சேர்ட்டில் ஒரு மணம் இருந்தது. அது மீன் மணம் என்று அவள் நினைத்திருந்தாள். நினைக்க விரும்பியிருந்தாள்.

அவள் தயங்குவதை அவர் கண்டார்.

"என்னட்டைக் கேக்க என்ன கிடக்கு? எல்லாம் உனக்குத் தெரியுந்தானே மோள்."

மட்டை தட்டுக்குக் கீழே போனது. விறைப்பு ஊசி போட்டாள். பல் இரண்டு அசைவில் வந்தது. சனம் கை தட்டியது. பிறகு வரிசை கிணற்றடி வரைக்கும் நீண்டது. மற்ற முப்பத்தொரு பேரிடமும் ஒன்பது கேள்வியையும் ஒன்றுவிடாமல் கேட்டாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்புச் சாமான்களோடு, தான் தங்கிப் படிக்கும் புதுக்குடியிருப்புக்குப் புறப்படமுதல் வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்தி, "அப்பா, ரத்தம் நிண்டதோ?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறக்காமல் கையை ஆட்டினார். பிறகு மறுபக்கம் திரும்பித் துப்பிவிட்டுச் சொன்னார்:

"ஓம் ஓம். நிண்டிட்டுது. நீ போ."

டக்சாயினி குசினியிலிருந்து உள்ளே வந்தபோது தாய் யூலிற்றா பிரேதத்தின் காலடியில் இருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. செபமாலை மடியில் கிடந்தது. மகள் பக்கத்தில் வந்து இருந்ததும், அவள் முகத்தைப் பார்க்காமலே கதைத்தாள்.

"வேலிக்குப் பின்னாலை மூண்டு துவாய் தாட்டுக் கிடக்கு."

"என்ன துவாய்?"

"ராத்திரி அந்தாள் வாய்க்கை வைச்சது. விடியமுன்னம் தானே எழும்பிப்போய் மண்ணைக் கிண்டித் தாட்டவர். உன்னட்டை ஆள் அனுப்பப் போறனெண்டன். விடேல்லை. பிள்ளை முதல் முதல் பிடுங்கின பல்லு, ஊர்ச் சனம் கதைக்கும், பேர் கெட்டிடும் எண்டவர்." யூலிற்றா செபமாலையின் ஒரு மணியைத் திருகினாள். "காலமை எழும்பேக்கை விழுந்திட்டார்."

டக்சாயினி கையிலிருந்த மட்டையைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா பல்லுக்குத்துக்கு என்ன குளிசை போட்டவர்?"

"டிஸ்பிரின். நாலு நாளாப் போட்டவர். ஒருக்கா ரண்டு ரண்டு." தாய் இப்போது அவளைப் பார்த்தாள். "ஏன் கேக்கிறாய்? அது கூடாதே?"

ஏழாவது கேள்வி: கடந்த ஒரு கிழமையில் என்ன குளிசை எடுத்தீர்கள்? டிஸ்பிரின் இரத்தத்தை உறையவிடாது. அந்தப் பாடத்தை வகுப்பில் படித்துச் சொன்னவளே டக்சாயினிதான்.

மூன்றரைக்கு யோகலிங்கம் வந்தார். கூடச் சபைக்காரர் இருவர். பின்னால் சுவாமியும் வந்துவிட்டார். முற்றத்தில் பந்தலாகக் கட்டிய தரப்பாளுக்குக் கீழே நின்ற ஆண்கள் கதையை நிறுத்தினார்கள். யோகலிங்கம் பிரேதத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். கெட்டவரல்ல, சத்தம் போடவும் இல்லை.

"தங்கச்சி, இந்த நேரத்திலை கேக்கிறனெண்டு குறை நினையாதையுங்கோ. சனம் பயந்து போய்க் கிடக்கு. நேற்றுப் பிடுங்கின முப்பத்தொரு வீட்டிலையும் கண்ணாடி வைச்சு வாயைப் பாத்துக்கொண்டிருக்கினம். மட்டையை ஒருக்காக் காட்டுங்கோ."

நிருஷன் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். அவன் கண் அவளுடைய கையில் இருந்தது.

"மட்டை இருக்கு அண்ணை," என்றாள் டக்சாயினி. "இன்னும் எழுதி முடியேல்லை."

யோகலிங்கத்துக்கு விளங்கவில்லை.

அவள் உள்ளே போய்த் தாய்க்கு முன்னால் முழங்காலில் இருந்து, மட்டையைத் தொடையில் வைத்தாள். தாயின் பின்னால் தகப்பன் வாய் கட்டிக் கிடந்தார்.

"முதலாவது," என்று வாசித்தாள். குரல் முற்றம்வரை கேட்டது. "நெஞ்சு வருத்தம் இருக்குதோ?"

"என்ன பிள்ளை இது?" என்றாள் வீரம்மா.

யூலிற்றா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இல்லை."

எழுதினாள். இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. நாலாவது இல்லை.

"அஞ்சாவது. எப்பவாவது மஞ்சள் காமாலை வந்ததோ?"

"ஓம். போன மாரியிலை. கண் ரண்டும் மஞ்சளாப் போனது. நீ அப்ப இஞ்சை இல்லை. உனக்குச் சொல்லவேண்டாமெண்டவர்."

ஈரல் பழுதானாலும் இரத்தம் உறையாது; அதுவும் அவள் படித்ததுதான். 'ஓம்' என்று எழுதினாள்.

"ஆறாவது." வாசலில் சுவாமி நின்றார். டக்சாயினி மட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மது அருந்துவாரோ?"

"செத்த வீட்டிலை கேக்கிற கேள்வியே இது!" என்றது முற்றத்திலிருந்து ஒரு குரல். "அந்த மனிசன் அந்தோனியாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணினதெல்லோ!"

ஆணி அறையும் சத்தமும் நின்றிருந்தது. யூலிற்றா திரும்பிக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒரு இலையான் பறந்து வந்து இருந்தது. அதைக் கையால் ஓட்டினாள்.

"ஓம்," என்றாள். "ஒவ்வொரு நாளும்."

டக்சாயினி எழுதினாள். ஏழாவதில் 'டிஸ்பிரின், நாலு நாள்' என்று எழுதினாள். எட்டும் ஒன்பதும் இல்லை. கடைசி வரியில், கேள்விகளைக் கேட்டவர் என்ற இடத்தில், தன் பெயரை முழுதாக எழுதினாள். திகதியைப் போடும்போது நேற்றைய திகதி வரவில்லை. இன்றைய திகதியையே போட்டாள்.

யோகலிங்கம் மட்டையை வாங்கி, கை நீட்டிய தூரத்தில் பிடித்து, மேலிருந்து கீழே வாசித்தார். திகதிக்கு வந்ததும் நின்றார்.

"அப்ப நேற்றுக் கேக்கேல்லை."

"இல்லை அண்ணை. மற்ற எல்லாரிட்டையும் கேட்டனான். அப்பாட்டை மட்டும் கேக்கேல்லை."

அவர் மட்டையை இரண்டாக மடிக்கப்போய், மனம் மாறி மடிக்காமலே சட்டைப் பைக்குள் வைத்தார்.

"டொக்டர் வரட்டும். இதை நான் அவரிட்டைக் குடுக்கிறன். அதுவரைக்கும் கிளாசை நிப்பாட்டி வையுங்கோ." பிறகு சேர்த்துச் சொன்னார்: "நிருஷன் தம்பி சொன்ன அந்த வற்றாப்பளைப் பிள்ளையை என்ரை மோட்டச் சைக்கிளிலை நான் ஆஸ்பத்திரிக்கு ஏத்துறன்."

நிருஷன் சைக்கிளைத் திருப்பினான். போகப்போகிறான் என்றுதான் டக்சாயினி நினைத்தாள். அவன் அதை வேலியில் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி வந்தவர்களின் பின்பக்கத்தில் போய்ப் பிடித்தான். அவளைப் பார்க்கவில்லை.

பெட்டியின் உட்பக்கத்தில் மீன் செதிலொன்று ஒட்டிக்கிடந்தது. அதற்குமேல் வெள்ளைத் துணி விரித்து ஞானப்பிரகாசத்தைக் கிடத்தினார்கள். சுவாமி செபத்தைச் சொல்லி முடித்துத் தீர்த்தம் தெளித்தார். அதற்குப் பிறகுதான் பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

"மூடமுன்னம் கட்டுகளை அவிழுங்கோ," என்றார் ஒருவர்.

கால் பெருவிரல் கட்டை வீரம்மா அவிழ்த்தாள். கைக்கட்டை யூலிற்றா அவிழ்த்தாள். நாடிக்கட்டில் யாரும் கை வைக்கவில்லை. எல்லாரும் டக்சாயினிக்கு வழி விட்டார்கள்.

முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிண்டி அவிழ்த்தாள். துணி கழன்றும் வாய் மூடியபடியே இருந்தது. சுண்டுவிரலால் இடது கடையைச் சற்று விலக்கிக் குனிந்து பார்த்தாள். பல் பார்க்கும்போது குனிவது போல, வெளிச்சத்தை மறைக்காமல், ஒரு பக்கமாக.

யூலிற்றா அவளுடைய தோளுக்கு மேலால் எட்டினாள்.

"நிண்டிட்டுதோ மோள்?"

மத்தியானம் வைத்த பஞ்சு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஓம் அம்மா," என்றாள் டக்சாயினி. "நிண்டிட்டுது."

பலகையை மேலே வைத்தார்கள்.