கையால் இழுப்பதா, கரண்டில் இழுப்பதா

எனக்கு நாற்பத்தோரு வயதில் மூன்றாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று ஒரு காலத்தில் கம்பம் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. காலேஜில் படிக்கிற மகனும் பன்னிரண்டாம் வகுப்பு மகளும் இருக்கிற வீட்டில் இது எப்படிப்பட்ட செய்தி என்று நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் என் வாயால் வந்த வினை. ஆனால் உண்மையைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்த உண்மை என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டு ரம்லத்துடையது.

ரம்லத்துக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடமாகப் பிள்ளை இல்லை. அவள் வீட்டுக்காரர் சேக் பரீத் ஏலக்காய் வியாபாரி. அவருடைய தம்பி ஆரிப் உத்தமபாளையத்தில் இருக்கிறார். ஆரிப்பின் மனைவி ருக்சானாவுக்கு வரிசையாக மூன்று பையன்கள். 2008-இல் மறுபடியும் உண்டானபோது ருக்சானா தானாகவே வந்து, "இது ஒங்களுக்குத்தான்க்கா" என்று சொன்னாள். அன்றைக்கு ரம்லத் அழுத அழுகையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்தோஷத்தை ரம்லத்தின் மாமியார் ரொம்ப நேரம் நிற்க விடவில்லை. பிறப்பது பையனாக இருந்தால் அவன் கொழுந்தன் மகன்தானே என்றார். மீசை முளைத்த பிறகு அவன் முன்னால் ரம்லத் முக்காடு போட்டுத்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைக் கோத முடியாது. தூக்கி வளர்த்தால் மட்டும் அவர்கள் முறைப்படி தாயாகிவிட முடியாதாம். பால் கொடுத்தால்தான் உண்டு. பால் குடித்துவிட்டால் அவன் மகன், அப்புறம் இடையில் ஒரு திரையும் வேண்டாம். பள்ளிவாசல் அஜரத்திடம் கேட்டதற்கு அவரும் அதையேதான் சொன்னார்.

"நான் வளத்த பிள்ளை முன்னாடி நான் அசலாள் மாதிரி நிக்கணுமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள் ரம்லத். எனக்கு யார் மேல் என்றில்லாமல் கோபம் வந்தது.

ருக்சானா தன் பங்குக்கு ஒரு குண்டைப் போட்டாள். "ஒரு தடவ மார்ல போட்டுட்டேன்னா அப்பறம் நான் குடுக்க மாட்டேன்க்கா. என்னைய எனக்குத் தெரியும். நீங்களே மொதல்ல குடுத்துருங்க." ஆக, பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ரம்லத்துக்குப் பால் வந்தாக வேண்டும்.

தேனியில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கப் போனோம். சிரித்துவிடுவாரோ என்று பயந்தோம். அவர் சிரிக்கவில்லை. பிள்ளை பெறாத உடம்பிலும் பால் சுரக்கும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும், நல்ல பம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள் என்றார். வயிறு நிரம்புகிற அளவுக்கு வராமல் போகலாம் என்றும் எச்சரித்தார். "கொஞ்சம் வந்தாலும் போதும் டாக்டர்" என்றாள் ரம்லத்.

எந்தப் பம்ப் என்று எங்களுக்கு என்ன தெரியும்? கம்பத்தில் கர்ணனின் மெடிக்கலுக்குப் போய், "பால் எடுக்குற பம்ப்பு குடுப்பா" என்றேன். ரம்லத் எனக்குப் பின்னால், தலையோடு போர்த்திய துப்பட்டிக்குள் ஒடுங்கி நின்றாள். கர்ணன் மருந்து எடுப்பதை விட்டுவிட்டு, "யாருக்குக்கா?" என்றான். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் கண் மெதுவாகத் துப்பட்டி பக்கம் போனது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எனக்குத்தான்டா. ஏன், எனக்கு வயசாயிருச்சுங்கறியா?"

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் என் பெருமை ஊர் சுற்றிவிட்டது. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரன் சாயங்காலம் ஒரு பை மாதுளம்பழத்தோடு வந்தார். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வெட்கம் வராது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல புள்ள" என்றார். மதுரையிலிருந்து மகன் போன் செய்து, "பொங்கலுக்கு நான் வரலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைக் காதோடு சொன்னேன். அப்பாடா என்பார் என்று பார்த்தால் மனிதருக்கு முகம் தொங்கிப்போனது. மாதுளம்பழத்தை நானே உரித்துத் தின்றேன்.

இவ்வளவு மானத்தை விற்று வாங்கிய பம்ப்பாவது உருப்படியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரு கண்ணாடிக் குப்பி, அதன் பின்னால் ஒரு ரப்பர் குமிழ். பழைய ஆட்டோ ஹாரனைப் பிடுங்கி மாட்டியது போல இருந்தது. குமிழை விட்டால் வெடுக்கென்று இழுத்தது. "உசுரு போகுதுக்கா" என்று ரம்லத் கண்ணில் தண்ணீர் விட்டாள்.

சேக் பரீத் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏலக்காயைக் கசக்கிப் பார்த்து, மோந்து, கடித்துப் பார்க்காமல் ஒரு மூடைகூட எடுக்காத மனிதர் அவர். "பாத்து வாங்கத் தெரியாம எதுக்குப் போனீக?" என்று எங்களைத் திட்டிவிட்டு, குமுளி வழியாகக் கோட்டயம் வரைக்கும் போனார். பிடிக்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரரிடம் பேசி இரண்டு பம்ப்போடு வந்தார். ஒன்று கைப்பிடியை அமுக்கி அமுக்கி விடுவது. இன்னொன்று கரண்டில் ஓடுவது. அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது.

"என்னண்ணே இது, தேள் கொட்டுச்சா?"

"போட்டுப் பாக்காம எப்பிடித் தாயி வாங்குறது? கையில போட்டா இழுவ சரியாத் தெரியல. அப்பறம்..." என்றவர் பாதியில் நிறுத்தி, சட்டையின் மேல் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டார். கோட்டயத்துக் கடைச் சேட்டன் என்ன பாடுபட்டிருப்பான் என்று நினைத்து நானும் ரம்லத்தும் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். இரண்டு பம்ப்பையும் நன்றாகக் கொதிக்க வைத்துக் கழுவிய பிறகுதான் அவள் தொட்டாள்.

அண்ணன் கரண்டு பம்ப் கட்சி. "இழுவ ஒரே சீரா இருக்கு, கூட்டலாம், கொறைக்கலாம்" என்று தன் சரக்கைப் போலவே புகழ்ந்தார். உண்மையில் அது நன்றாகத்தான் இழுத்தது. சத்தம்தான் தாங்கவில்லை. "இந்நேரத்துல மிக்சில என்னத்த அரைக்கிறீக?" என்று அடுத்த அறையிலிருந்து மாமியார் கேட்டார். வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போடுற மிசினால்ல இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் போனதும் கரண்டும் போனது. அந்த வருடம் கரண்ட் இருக்கிற நேரத்தை எண்ணுவதுதான் சுலபம்.

"பால் ஊறுற நேரம் பாத்துக் கரண்டு போச்சுன்னா ஈபி ஆபீசுலயா போயி மனுக் குடுக்க?" என்றேன்.

ரம்லத் சிரிக்கவில்லை. கைப் பம்ப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கரண்டுக்காக இல்லைக்கா. மிசினு அது பாட்டுக்கு இழுக்குது, நான் சும்மா உக்காந்துருக்கேன். இதுன்னா பிள்ளை இழுக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு நானே இழுத்துக்குவேன்." கரண்டு பம்ப் கோட்டயத்துக்கே திரும்பிப் போனது.

அதன் பிறகு பகலும் இரவும் அவளுக்கு அதே வேலை. கை வலித்தது, புண்ணானது, ஆறியது. மாதக்கணக்கில் குப்பி காய்ந்தே கிடந்தது. ஒருத்தி இவ்வளவு ஆசையோடு வெறும் குப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அதை நானே வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். ஒரு நாள் மத்தியானம், "அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாம்புதான் வந்துவிட்டதென்று கம்போடு ஓடினேன். குப்பியின் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது. இரண்டு பேரும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். பிறகு சொட்டு சொட்டாகக் கூடி, குப்பியின் அடி நனைகிற அளவுக்கு வந்தது.

ருக்சானாவுக்குத் தேனி ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். எல்லாரும் பையன், பையன் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் பெண் பிறந்திருந்தது.

மாமியார் வாயெல்லாம் பல். "அல்லா காப்பாத்துனான். பொம்பளப் பிள்ளை முன்னாடி என்ன முக்காடு? பரீத்துக்கும் தம்பி மக, ஒரு தொந்தரவும் இல்ல. அந்த மிசினத் தூக்கிப் பரண்ல போடு ரம்லத்து, இனிமே பால் எதுக்கு? டப்பாப் பால் வாங்கியாரச் சொல்லி ஆரிப்ப அனுப்பிட்டேன்."

கணக்குப்படி அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ரம்லத் இத்தனை மாதப் பாட்டையும் யாரோ ஒரே வாயில் ஊதி அணைத்தது போல நின்றாள். நான் சண்டைக்கு வாயைத் திறந்த நேரம் பிள்ளை வீறிட்டது.

ரம்லத் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை. ஓரத்து நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள். பிள்ளை கொஞ்ச நேரம் தேடியது, சிணுங்கியது. அப்புறம் அழுகை பட்டென்று நின்றது. அறைக்குள் அது உறிஞ்சுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. கட்டிலில் மயக்கம் தெளிந்திருந்த ருக்சானா அதைக் கேட்டுக்கொண்டே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியார் நின்ற இடத்தில் நின்றார். நானும் அப்படியேதான் நின்றேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் பால் டப்பாவோடு ஆரிப் நுழைந்தார். பிள்ளையைப் பெற்ற தகப்பன், பாவம். மாமியார் இரண்டே எட்டில் போய் அவர் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளினார்.

"ஏலே, உள்ள வராத! அறிவிருக்கா ஒனக்கு? ஒம் மதினி பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கா."

பதினாலு வருடத்தில் ரம்லத்தைப் பற்றி யாரும் சொல்லாத வாக்கியம் அது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மாமியார் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து, யாரும் உள்ளே வராதபடி நின்றுகொண்டார்.