கடைசி வரிசைக்கு மழைத் தண்ணீர்

கடைசி வரிசை ஜெர்பரா பூத்தொட்டிக்கு அடியில் கோப்பையைப் பிடித்து, சொட்டிய தண்ணீரில் உப்பு மீட்டரை நுழைத்தார் என் கணவர். நாலைத் தாண்டியது. எங்கள் பசுமைக்குடிலில் வேறு எந்த வரிசையும் இரண்டுக்கு மேல் போனதில்லை. நான் போடும் டீயைத் தவிர எல்லாவற்றிலும் மீட்டரை வைத்துப் பார்க்கிற மனுஷன் அவர். எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அப்பா, போர் தண்ணி ஊத்துனீங்களா?"

மாமனார் ஒளிக்கவில்லை. கடைசி வரிசை அவருடையது. பக்கவாதத்தில் விழுந்தவர் எழுந்து வந்து இடது கையால் நட்ட செடிகள். மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்து, பாவம் தாகம் என்று ஒரு குவளை ஊற்றியிருக்கிறார். மறுநாள் இன்னும் தொங்கவே, இரண்டு குவளை. போர் தண்ணீரின் உப்பு தொட்டியிலேயே தங்கி வேரை உறிஞ்சவிடாது, ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடும். கணவர் பொறுமையாகத்தான் சொன்னார். கேட்கக் கேட்க மாமனாரின் முகம் சுண்டிப்போனது.

"நானே கெடுத்துட்டேன். பிடுங்கிப் போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி வீட்டுக்குத் திரும்பினார்.

பிடுங்குவதுதான் சரி என்று நானும் சொன்னேன். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டியில் முழங்கால் அளவுதான் இருந்தது. மழை வருகிற வழியைக் காணோம். இருப்பதைப் போர் தண்ணீரோடு கலந்துதான் விற்பனைக்கான வரிசைகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் மாமனார் அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழவில்லை. நடக்காவிட்டால் கால் மறுபடியும் மரத்துவிடும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. கூப்பிட்டால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாத்திரங்களை உருட்டினேன், பிறகு அவற்றின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு மாலை டீ கொண்டுபோனபோது கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க செடி தேறிடுச்சுப்பா. உப்பு ரெண்டுக்கு வந்துடுச்சு."

அன்று காலைகூட நாலுதான். நான் டம்ளரைக் கீழே போடாமல் நின்றதே பெரிய விஷயம்.

மாமனார் மெல்லப் புரண்டார். "நெஜமாவா?"

"நீங்களே வந்து மீட்டர வச்சுப் பாருங்க."

"டீயக் குடிச்சிட்டு வரேன்" என்று காலைத் தரையில் இறக்கினார்.

வாசலைத் தாண்டியதும் கணவர் ஓட ஆரம்பித்தார். புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்கத்தான் நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் மழைத் தொட்டி வால்வைத் திறந்து, குழாயைக் கடைசி வரிசைக்கு இழுத்துவிட்டார். மேலே ஊற்றி ஊற்றி, அடியில் வழிய வழியத்தான் உப்பைக் கழுவ முடியும். இந்தத் தண்ணீரும் போனால் விற்கிற பூவில் பாதி போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

"நீ அந்தக் கோடியிலேர்ந்து ஊத்திட்டு வா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. வாளியை எடுத்தேன்.

மீட்டரில் மூன்றரை. இன்னும் ஊற்றினோம். மூன்று. இடுப்புவரை நனைந்துவிட்டேன். வீட்டு வாசலில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது, நெடுநேரம் கழித்து இன்னொரு முறை. மாமனார் மெதுவாக நடப்பதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கணவர் மண்டியிட்டுக் கோப்பையை நீட்ட, நான் அடுத்த வாளியைக் கவிழ்த்தேன். தொட்டியின் அடியிலிருந்து பழுப்பாக வழிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிய ஆரம்பித்தது.