கீழ்வீட்டுப் பெட்டி

மணி எட்டாகப் போகிறது. லோகநாயகி டீவி எதிரே உட்கார்ந்து செய்தி வாசிப்பவனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் என்ன பாவம் செய்தான்? அவன் முகம் தெரிகிற இடத்தில் அவள் பெண் மிருதுளா வரவேண்டிய நேரம் இது, அவ்வளவுதான்.

குரோம்பேட்டை ஃபயாஸைக் கல்யாணம் செய்துகொண்டு மிருதுளா வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "இனிமே இந்த வீட்ல அவ பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் அவள் கணவர் யக்ஞநாராயணன். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள செம்பாக்கத்திலேயே ஆள் கிடையாது. பெண்ணின் போட்டோக்கள்கூடப் பரணுக்குப் போய்விட்டன. ஆனால் வியாழக்கிழமை தோறும் ஒரு கட்டணச் சேனலில் மிருதுளாவின் சமையல் நிகழ்ச்சி வரும், முன்கூட்டியே படம்பிடித்தது. கணவர் ஏரிப் பக்கம் நடக்கப் போயிருக்கும் அந்த அரை மணி நேரம்தான் லோகநாயகிக்கு மகள் கிடைப்பாள்.

அதற்கும் வேட்டு விழுந்தது. கட்டணச் சேனல் வேண்டுமானால் வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வாங்க வேண்டும் என்று புதுச் சட்டம். விலையைக் கேட்டுக் குடியிருப்பே கொதித்தது. "பெட்டியே வேண்டாம், புறக்கணிப்போம்" என்று கூட்டத்தில் ஒரே கூச்சல். செய்தியைத் தவிர வேறெதுவும் பார்க்காத யக்ஞநாராயணன்தான் எழுந்து, நாலு வீடும் சேர்ந்து ஒரே பெட்டி வாங்கலாம், கீழ்வீட்டு வேதாசலத்திடம் வைத்து ஒயரை மேலே இழுத்துக்கொள்ளலாம் என்றார். இவருக்கு எதற்கு இந்த அக்கறை என்று லோகநாயகிக்கே ஆச்சரியம்.

கேபிள்காரர் அயூப் தலையில் அடித்துக்கொண்டார். "சார், ஒரு பெட்டியில ஒரு சேனல்தான் ஓடும். கீழ இன்னா வெச்சிகினு பாக்கறாங்களோ, மேலயும் அதான் தெரியும். அப்புறம் பேஜாருன்னு என்னாண்ட வராதீங்க."

யார் கேட்டார்கள்? நேற்றுப் பெட்டி வந்தது. இன்று வியாழன்.

ரிமோட் வேதாசலம் வீட்டில். போய்ச் சேனலை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் வாயில் எதுவும் தங்காது. விஷயம் கணவர் காதுக்குப் போனால் ஒயரையே பிடுங்கிப் போட்டுவிடுவார், பிறகு பெண்ணின் முகத்தை எங்கே தேடுவது? மாடிப்படி வரைக்கும் போனாள். திரும்பி வந்துவிட்டாள்.

திரை ஒருமுறை கறுத்தது. செய்திக்காரன் போய், மிருதுளா கையில் கரண்டியோடு சிரித்தாள்.

லோகநாயகிக்கு அழுகை முட்டியது. மறுகணமே பயம் பிடித்துக்கொண்டது. யார் மாற்றினது? தன் ரகசியம் யாருக்குத் தெரிந்துபோயிற்று? கணவர் ஏரியிலிருந்து வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். டீவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வேதாசலம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் யக்ஞநாராயணனின் செருப்பு.

உள்ளே நாற்காலி நுனியில், ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் துடைத்தார்.

வேதாசலம் அசடு வழிந்தான். "வாங்கக்கா... ஒரு வருஷமா வியாழக்கிழமைன்னா சாருக்கு ஏரி இங்கதான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

லோகநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷம்! மேலே அவள் திருடி மாதிரிப் பார்த்தாள், கீழே இவர். ஏதாவது கத்தலாம் என்று வாயைத் திறந்தாள்.

அவர் திரும்பவில்லை. "பொண்ணு இளைச்சுட்டா, லோகு" என்றார்.

"அதை டீவிகிட்ட சொல்லி என்ன பண்றது? குரோம்பேட்டை என்ன அமெரிக்காவுலயா இருக்கு? எழுந்திருங்க."

அவர் ரிமோட்டை வேதாசலத்திடம் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.